உங்களுக்குத் தெரியுமா? வட்டையிலும் வளவிலும் நடக்கும் கூர்ப்பு

டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரத்தில் தேடிய ஆய்வாளர்கள், உவர்த் தண்ணீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளியிட்டார்கள். பாவனையில்லாத கிணறு, கரையில் கிடக்கும் தோணி, வீசிய டப்பா எதுவும் விலக்கல்ல. உவருக்குப் பழகிய குடம்பிகளின் மேலுறையிலேயே மாற்றம் இருப்பது பிந்திய ஆய்வுகளில் தெரிந்தது. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வட்டையுமாக வாழும் கல்முனைக்காரர், மழை விட்டதும் பூச்சாடியை மட்டும் பார்த்தால் போதாது. தோணியையும் பார்க்க வேண்டும்.

1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர்தான். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பை விட்டார்கள். 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். மறுபடி டி.டி.டி. அடித்தபோது, அதைத் தாங்கும் நுளம்புகள் பெருகியிருந்தன. 1977இல் மலத்தியோன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் நமக்குக் கிடைத்தது 2016இல்.

எது பிழைப்பது என்பதை மருந்து நுளம்பில் தெரிவு செய்தது போல, அதே மலேரியா மனிதரிலும் தெரிவு செய்தது. தலசீமியாப் பரம்பரையலகை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவரை மலேரியா கடுமையாகத் தாக்குவது குறைவு. மலேரியா ஆண்ட நாடுகளில் இந்தப் பரம்பரையலகு மறையாமல் தங்கியதற்கு அதுவே காரணம். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து.

அப்படியென்றால் யார் யாரைக் கட்டுகிறார் என்பதும் முக்கியம். நம் பக்கத்துக் குடி முறை, அதாவது வம்ச முறை, தாய் வழியில் வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. சாச்சி மகளைக் கட்ட முடியாது, மாமா மகளைக் கட்டலாம். உயிர்க்கலங்களில் உள்ள இழைமணியின் டி.என்.ஏ.யும் உம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே சாச்சி மகளுக்கும் உங்களுக்கும் அது ஒன்று. மாமா மகளுக்கு வேறு. இதை வைத்து முன்னோர் விஞ்ஞானம் அறிந்திருந்தார்கள் என்று கிளம்பிவிட வேண்டாம். மற்றப் பரம்பரையலகுகளில் சாச்சி மகளும் மாமா மகளும் உங்களுக்கு ஒரே அளவு நெருக்கம், சராசரியாக எட்டில் ஒரு பங்கு. தலசீமியா உள்ள குடும்பமென்றால் கலியாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனைதான் வழி.

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் எண்ணப்பட்ட யானைகள் 5,879. தந்தமுள்ளவை 122. தென்னிந்தியாவில் பெரும்பாலான ஆண் யானைகளுக்குத் தந்தம் உண்டு. தந்தமில்லாமை பெருகுவதைக் கண்ணெதிரே கண்ட இடமும் உண்டு. மொசாம்பிக்கின் கொரோங்கோசாவில், 1977 முதல் 1992 வரை நடந்த போரில் தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அங்கே தந்தமில்லாத பெண் யானைகள் நூற்றுக்கு 18 அளவிலிருந்து 50க்கு ஏறிவிட்டன. தந்தம் இல்லாதது பிழைத்தது, அதுவே ஈன்றது.

அறக்கொட்டியான் பூச்சி விழுந்த வயல் நெருப்புப் பட்டது போல் கருகும். அதற்குத் தாக்குப்பிடிக்கும் ஐ.ஆர். 26 என்ற நெல்லைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று தமிழ்நாட்டின் டி.கே.எம். 6. எல்லோரும் அதையே விதைத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நெல்லையும் உறிஞ்சக்கூடிய பூச்சிகள் பெருகிவிட்டன. ஒரே பூட்டை எல்லா வீட்டுக்கும் போட்டால் திருடனுக்கு ஒரு சாவி போதும். விஞ்ஞானிகள் பழைய நெல்லினங்களைத் தேடிப் போனார்கள். நல்ல எதிர்ப்பைக் காட்டியவற்றில் கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 ஒன்று, நம் நாட்டின் ரத்து ஹீனட்டி இன்னொன்று. ரத்து ஹீனட்டியில் உள்ள ஒரு பலமான எதிர்ப்பு, ஒரு பரம்பரையலகால் அல்ல, அடுத்தடுத்து இருக்கும் மூன்றின் கூட்டத்தால் வருவதென்று சீன ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். விளைச்சல் குறைவென்று நாம் கைவிட்ட இனம் அது.

பழைய இனம் கைகொடுத்ததற்கு இன்னொரு சான்று: 1950களின் இறுதியில் வந்து நாட்டின் விளைச்சலை உயர்த்திய எச்.4 நெல்லுக்கு ஒரு பெற்றோர் இந்தோனேசியாவின் மாஸ். மற்றது நம்மூர் முருங்கைக்காயன்.

கன்னொறுவையில் 1988 முதல் இயங்கும் தாவர மரபுவளங்கள் நிலையத்தின் குளிர் அறைகளில் பாரம்பரிய நெல்லினங்கள் காக்கப்படுகின்றன. நல்ல காரியம். ஆனால் குளிர் அறையில் அறக்கொட்டியானும் வராது, வெள்ளமும் வராது. வயலில் இருக்கும் நெல் மட்டுமே காலத்தோடு மாறும்.

இனி நம் மாவட்டத்துத் தலையிடி, பன்றி நெல். இலங்கையில் இது முதலில் கவனிக்கப்பட்டது அம்பாறை மாவட்டத்தில்தான், 1990களின் தொடக்கத்தில். நாற்றுப் பருவத்தில் வெள்ளாமையிலிருந்து பிரித்தறிய முடியாது. இதுவும் நெல்லே என்பதால் நெல்லை விட்டுக் களையை மட்டும் கொல்லும் எண்ணெய்க்குச் சாவதில்லை. அறுவடைக்கு முந்தியே மணியைக் கொட்டிவிடும். கொட்டியது மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து பின்னொரு போகத்தில் முளைக்கும். நாற்று நட்டு வரிசை பார்த்துக் களை பிடுங்கிய இடங்களில் இதற்கு இவ்வளவு வசதி இல்லை. வீச்சு விதைப்பு வழி விட்டது, வயலுக்கு வயல் போகும் அறுவடை மெசின் பரப்பிவிட்டது.

காட்டு நெல் மணியைக் கொட்டும். கொட்டாத செடியை மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தெரிந்தெடுத்தார்கள். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு டி.என்.ஏ.யின் ஒரேயொரு எழுத்துக்கு உரியது என்று 2006இல் கண்டார்கள். வியப்பு இனிமேல்தான். அமெரிக்கப் பன்றி நெல்லைச் சோதித்தபோது அதிலும் அந்தக் 'கொட்டாத' எழுத்தே இருந்தது. ஆனால் அது கொட்டுகிறது! பயிராக வளர்ந்த நெல், வேறு வழியில் மறுபடி கொட்டக் கற்று, களையாகிவிட்டது.

சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையிலும் இப்படி ஒரு கதை உண்டு. அங்குள்ள நெற்சப்பி, களை பிடுங்குவோர் கண்ணுக்குத் தப்பி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் நெற்பயிர் போலவே நிமிர்ந்து நிற்கும் வடிவம் பெற்றதை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது.

சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனை வட்டைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். விதைக்குமுன் விதைநெல்லில் ஒரு கைப்பிடி எடுத்து உமி நீக்கிப் பாருங்கள். நீங்கள் வாங்கியது வெள்ளை அரிசி இனமாயிருந்து, இடையில் சிவப்பு மணிகள் கிடந்தால் அந்த விதையைச் சந்தேகியுங்கள். பன்றி நெல் எல்லாம் சிவப்பல்ல, ஆனாலும் பெரும்பாலும் அதில்தான் பிடிபடும். அந்த மூடையை விதைக்காமல் அரிசியாக்கிவிடுங்கள்.