தாளம் தப்பாத வேகம்

நுழையும்முன்

ஒரே சிலிக்கான் வட்டில் அருகருகே உருவான இரண்டு நுண்செயலிகள், இரு வேறு வேகங்களில் இயங்குபவை எனக் குறிக்கப்பட்டு, இரு வேறு விலைகளில் விற்கப்படுவதுண்டு. விலை குறைந்த செயலியை, விலை உயர்ந்த செயலியின் வேகத்தில் இயங்கச் செய்ய இயலுமா? இயலும் எனில், அவ்வேகத்தில் அது தரும் விடையை நம்பலாமா? இவ்விரு வினாக்களுக்கும் இடையில் அமைந்ததே ‘ஓவர்கிளாக்கிங்’ என வழங்கப்படும் மிகைமுடுக்கம்.

கடிகாரத் துடிப்பு

ஆடல் அரங்கில் நட்டுவனார் தட்டுக்கழியால் தாளம் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் ஆடுபவரின் பாதம் உரிய இடத்தில் பதிய வேண்டும். முதற்காலத்தில் நிதானமாக ஆடப்பட்ட அடவு, இரண்டாம் காலத்தில் இருமடங்கு விரைவாக ஆடப்படுகிறது. காலம் கூடுவதனால் பாதம் கடக்க வேண்டிய தொலைவு குறைந்துவிடுவதில்லை. கடப்பதற்குக் கிடைக்கும் நேரமே குறைகிறது. அடுத்த தட்டு விழுவதற்குள் பாதம் பதியவில்லையெனில் தாளம் தப்பிவிடும்.

நுண்செயலியின் இயக்கமும் இத்தகையதே. கணிப்பொறியின் தாய்ப்பலகையில் உள்ள குவார்ட்சு படிகம் ஒன்று சீராக அதிர்கிறது. அவ்வதிர்விலிருந்து பெறப்படும் கடிகாரத் துடிப்பே செயலியின் தாளம். ஒவ்வொரு துடிப்பின்போதும் மின்குறிப்பலைகள் பல டிரான்சிஸ்டர்களின் வழியே பாய்ந்து, அடுத்த துடிப்பு வருவதற்குள் ‘0’ அல்லது ‘1’ என்னும் நிலையை உறுதியாக அடைந்தாக வேண்டும். இரண்டு எண்களைக் கூட்டும்போது ஓர் இலக்கத்திலிருந்து அடுத்த இலக்கத்திற்கு மீதி செல்வதுபோல, செயலிக்குள்ளும் ஒரு விடை மற்றொன்றிற்காகக் காத்திருக்கிறது. இவ்வாறு காத்திருக்கும் சுற்றுவழிகளுள் மிக நீண்டது எதுவோ, அதுவே முழுச் செயலியின் வேகத்திற்கும் எல்லையாகிறது.

1971ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 4004 நுண்செயலி ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. அதன் கடிகார வேகம் 740 கிலோஹெர்ட்ஸ். 1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. இன்றைய மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சில 5 கிகாஹெர்ட்ஸையும் கடந்துள்ளன. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு 500 கோடித் துடிப்புகள். அதில் ஒரு துடிப்பின் கால அளவு 0.2 நானோநொடி. அந்நேரத்தில் ஒளிகூட 6 சென்டிமீட்டர் தொலைவையே கடக்க இயலும்.

எல்லை வகுக்கப்படும் முறை

சிலிக்கான் வட்டில் உருவாகும் செயலிகள் அனைத்தும் ஒரே வரைபடத்தின்படி அமைந்தவையாயினும் அவை முற்றிலும் ஒத்திருப்பதில்லை. டிரான்சிஸ்டரின் நுண்ணிய உறுப்புகளில் சில அணுக்களின் தடிமன் மாறினாலும் இயங்கும் விரைவு மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு செயலியும் சோதிக்கப்பட்டு, அது தாங்கும் வேகத்திற்கும் மின்னழுத்தத்திற்கும் ஏற்பத் தரம் பிரிக்கப்படுகிறது. உயர்வேகச் செயலிக்குச் சந்தையில் தேவை குறைவாக இருக்கும்போது, அவ்வேகத்தைத் தாங்கவல்ல செயலிகளும் குறைந்த வேகத்தின் பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு.

மேலும், உற்பத்தியாளர் குறிக்கும் வேகம் செயலியின் உச்ச வேகம் அன்று. கோடைக்காலத்து வெம்மை, தூசி படிந்த குளிர்விப்பான், ஏற்ற இறக்கமுடைய மின்வழங்கல், ஆண்டுகள் பல கடந்தபின் தோன்றும் தளர்ச்சி ஆகியவற்றை எல்லாம் கருதி, உச்சத்திற்குக் கீழே ஓர் இடைவெளி விடப்படுகிறது. மிகைமுடுக்கம் செய்பவர் இந்த இடைவெளியையே வேகமாக மாற்றிக்கொள்கிறார். அது வீணாகக் கிடக்கும் செல்வமன்று. இடர்ப்பாட்டுக் காலத்திற்காகச் சேமித்து வைத்த செல்வம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

படிகத்தை மாற்றிய காலம்

மிகைமுடுக்கம் புதிய வழக்கமன்று. 1984ஆம் ஆண்டு ஐபிஎம் வெளியிட்ட ‘ஏடி’ வகைக் கணிப்பொறி 6 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அதன் தாய்ப்பலகையில் இருந்த படிகத்தைக் கழற்றிவிட்டு, விரைந்து அதிரும் வேறொரு படிகத்தைப் பொருத்திப் பயனர் பலர் 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைப் பெற்றனர். பின்னர் ஐபிஎம் நிறுவனம், கணிப்பொறி தொடங்கும்போதே வேகத்தைச் சோதித்து இம்மாற்றத்தைத் தடுக்கும் நிரலைத் தன் நிலைப்பொருளில் சேர்த்தது.

1998ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ என்னும் செயலி இத்துறையின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. செயலியின் வேகம் என்பது தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பையும் பெருக்கெண்ணையும் பெருக்கிக் கிடைப்பது. செலரான் 300ஏ செயலியின் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5. ஆகவே அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண்ணை மாற்ற இயலாதவாறு அது பூட்டப்பட்டிருந்தது. எனினும், அக்காலத்துத் தாய்ப்பலகைகள் பல, விலையுயர்ந்த பென்டியம் 2 செயலிக்காக 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பையும் வழங்கின. அத்துடிப்பைத் தேர்ந்தெடுத்தபோது அதே செலரான் 450 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. 100 மெகாஹெர்ட்ஸ் என்பது தாய்ப்பலகைக்கு இயல்பான துடிப்பாதலால், பிற உறுப்புகள் தத்தம் வேகத்திலேயே பழுதின்றி இயங்கின. எளிய விலைக்கு வாங்கிய செயலி, விலைமிகுந்த செயலியின் தோளோடு தோள் நின்றது.

இதே நுட்பம் ஏமாற்றுக்கும் இடமளித்தது. குறைந்த வேகச் செயலிகளின் மேல் உயர்ந்த வேகத்தைப் பொறித்து விற்ற வணிகர்களும் அந்நாளில் இருந்தனர். பெருக்கெண் பூட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று இன்டெல் நிறுவனம் ‘கே’ என்னும் எழுத்துடன் முடியும் பெயருடைய செயலிகளிலும், ஏஎம்டி நிறுவனம் தன் ரைசன் மேசைக் கணிப்பொறிச் செயலிகள் பெரும்பாலானவற்றிலும் பெருக்கெண்ணைத் திறந்தே வைத்துள்ளன.

நிலைப்பொருளின் வாயில்

கணிப்பொறிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் விழிப்பது இயக்க அமைப்பன்று. தாய்ப்பலகையின் நினைவகச் சில்லில் பதிந்துள்ள நிலைப்பொருளே. முன்னாளில் ‘பயாஸ்’ எனவும் இந்நாளில் ‘யுஇஎஃப்ஐ’ எனவும் வழங்கும் இந்நிலைப்பொருள், செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றை ஆராய்ந்து ஆயத்தம் செய்தபின் இயக்க அமைப்பை அழைக்கிறது. கணிப்பொறி தொடங்கும் நொடியில் ‘டெலிட்’ அல்லது ‘எஃப்2’ விசையை அழுத்தினால், பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் இதன் அமைப்புத் திரை தோன்றும்.

அத்திரையில் மூன்று அளவுகள் முதன்மையானவை. முதலாவது அடிப்படைத் துடிப்பு. இக்காலச் செயலிகளில் இது பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். இதனை உயர்த்தினால் நினைவகம் முதலிய பிற உறுப்புகளின் துடிப்பும் உடன் உயரக்கூடும் என்பதால், தேர்ந்தோர் இதனை எளிதில் தொடுவதில்லை. இரண்டாவது பெருக்கெண். இது 36 எனில் செயலியின் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், 37 எனில் 3.7 கிகாஹெர்ட்ஸ். மூன்றாவது செயலிக்கு வழங்கப்படும் மின்னழுத்தம். மின்னழுத்தம் மிகும்போது டிரான்சிஸ்டர்கள் விரைந்து நிலைமாறுகின்றன; ஆதலால் துடிப்பு விரையும்போது மின்னழுத்தத்தையும் சற்றே உயர்த்த நேர்கிறது.

பணியைத் தொடங்குமுன் பழைய அளவுகளைக் குறித்து வைத்தல் வேண்டும். பின்னர்ப் பெருக்கெண்ணை ஒவ்வோர் எண்ணாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அளவுகளை மாற்றியவர், பிழை நேரும்போது அதன் காரணத்தை அறிய மாட்டார். அளவு மீறியதால் கணிப்பொறி தொடங்காமற்போனால், தாய்ப்பலகையில் அதற்கென அமைந்த இணைப்பின் மூலம் அமைப்புகளை அழித்துத் தொழிற்சாலை அளவுகளை மீட்கலாம். பல பலகைகளில், மின்இணைப்பை நீக்கி, நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலத்தைச் சற்று நேரம் கழற்றி வைப்பதும் இப்பயனைத் தரும்.

வெப்பத்தின் கணக்கு

செயலி நுகரும் இயக்கத் திறன், துடிப்பின் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். 3.6 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் மின்னழுத்தத்துடன் இயங்கும் செயலியை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்படுவதாகக் கொள்வோம். வேகம் 25 விழுக்காடு கூடுகிறது. திறனோ 1.25 மடங்குடன் 1.125இன் இருமடியும் பெருக, ஏறத்தாழ 1.58 மடங்காகிறது. முன்பு 80 வாட் நுகர்ந்த செயலி இப்போது ஏறத்தாழ 127 வாட் நுகரும். நாலில் ஒரு பங்கு வேகத்திற்கு, பாதிக்கும் மேற்பட்ட வெப்பம் விலையாகிறது.

காற்றால் குளிர்விக்கும் கருவி எதுவும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. அறையைவிட 55 டிகிரி செல்சியஸ் மிகுதியாகச் சூடாகும் செயலி, 20 டிகிரி உள்ள அறையில் 75 டிகிரியில் நிற்கும். தமிழ்நாட்டுக் கோடையில் 38 டிகிரி உள்ள அறையில் 93 டிகிரியை எட்டும். மார்கழியில் பழுதின்றி இயங்கிய அமைப்பு சித்திரையில் தடுமாறுவதன் காரணம் இதுவே. வெப்பம் வரம்பைக் கடக்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனையும் மீறினால் கணிப்பொறி அணைந்துவிடும். மிகுந்த மின்னோட்டமும் வெப்பமும் நீடித்தால், செயலிக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளின் அணுக்கள் மெல்ல மெல்ல இடம்பெயர்ந்து, கம்பியே அறுபடவும் கூடும்.

தெரிந்து தெளிவோம்

2011ஆம் ஆண்டு ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ் வகைச் செயலி ஒன்று, நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டு, 8.429 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டிக் கின்னஸ் சாதனை படைத்தது. இத்தகைய வேகம் சாதனைக்காகச் சிறிது நேரம் நிலைப்பது. அன்றாடப் பணிக்கு உரியதன்று.

ஓசையின்றி நேரும் பிழை

மிகைமுடுக்கத்தின் மிகப்பெரும் இடர் செயலி கெட்டுப்போவதன்று, விடை கெட்டுப்போவதே. திரை உறைந்து கணிப்பொறி நின்றுவிட்டால், எல்லை மீறப்பட்டதைப் பயனர் உடனே அறிவார். ஆனால், கோடிக்கணக்கான கணக்கீடுகளுள் ஒன்றில் மட்டும் மின்குறிப்பலை ஒரு நொடிப்பொழுதின் மிகச்சிறு கூறு தாமதித்தால், ‘1’ வரவேண்டிய இடத்தில் ‘0’ பதியும். கணிப்பொறி நிற்காது; எச்சரிக்காது; தவறான விடையைச் சரியான விடையின் தோற்றத்திலேயே எழுதி வைக்கும். அது ஒரு விளையாட்டின் வண்ணப்புள்ளியாயின் கேடில்லை. ஒரு கட்டடத்தின் தாங்குதிறனாகவோ, ஒரு குடும்பத்தின் நிழற்படத் தொகுப்பாகவோ இருப்பின் இழப்பு பெரிது.

ஆதலால், சோதனையே மிகைமுடுக்கத்தின் உயிர்நாடி. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட ‘பிரைம்95’ என்னும் நிரல் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அது மிகப்பெரிய முழு எண்களை மிதவைப்புள்ளிக் கணக்கீட்டின் வழியே பெருக்குகிறது. முடிவில் கிடைக்கும் விடைகள் முழு எண்களுக்கு மிக அருகில் அமைய வேண்டும். அவை வரம்பிற்கு மேல் விலகினால், செயலி எங்கோ பிழை செய்துவிட்டது என்பது வெளிப்படும். சில நிமிடச் சோதனையில் தேறியது பல மணிநேரச் சோதனையில் தோற்பதுண்டு. சோதனையில் ஒரு பிழை தோன்றினும், வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை.

பயனின் அளவு

வேகம் கூடுவதனால் பணி முழுவதும் அதே அளவில் விரைந்துவிடுவதில்லை. 10 நிமிடம் நீளும் பணியில் 6 நிமிடம் செயலியின் கணக்கீட்டிற்கும், 4 நிமிடம் சேமிப்பகத்திற்காகக் காத்திருப்பதற்கும் செலவாகின்றன எனக் கொள்வோம். செயலியின் வேகத்தை 25 விழுக்காடு உயர்த்தினால் 6 நிமிடம் 4.8 நிமிடமாகும்; காத்திருக்கும் 4 நிமிடம் மாறாது. மொத்தம் 8.8 நிமிடம். மிச்சமாவது 12 விழுக்காடு நேரமே. ஒரு பகுதியின் விரைவு முழுமைக்கும் எந்த அளவிற்குப் பயன்தரும் என்பதை 1967ஆம் ஆண்டிலேயே ஜீன் அம்டால் எடுத்துரைத்தார்.

மேலும், இக்காலச் செயலிகள் தம் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் தாமே அளந்து, இடமிருக்கும்போது வேகத்தை உயர்த்தியும் இல்லாதபோது தாழ்த்தியும் கொள்கின்றன. முன்பு பயனரின் கைக்கு எட்டிய இடைவெளியின் பெரும்பகுதியைச் செயலியே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கையால் செய்யும் மிகைமுடுக்கம் இன்று தரும் பயன் முன்னைவிடச் சிறிது. வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் சற்றே தாழ்த்தி, வெப்பத்தைக் குறைக்க முயல்வோரும் பெருகியுள்ளனர். அதற்கும் இதே பொறுமையும் இதே சோதனையும் தேவை.

நிறைவாக

நிலைப்பொருளின் திரையில் ஓர் எண்ணை மாற்றுதல் எவர்க்கும் எளிது. அவ்வெண்ணுக்குப் பின்னே துடிப்பும், மின்னழுத்தமும், வெப்பமும், காலமும் ஒன்றையொன்று பற்றி நிற்பதை உணர்வதே கல்வி. பிறருடைய செயலிக்குப் பொருந்திய அளவு தன்னுடைய செயலிக்கும் பொருந்தும் என நம்புவோர் ஏமாறுவர். ஒவ்வொரு படியிலும் அளந்து, சோதித்து, குறித்து வைப்போர் தம் கருவியின் உண்மையான எல்லையை அறிவர். எவ்வளவு விரைவாகத் தட்டினாலும் அடவு பிசகாதிருக்கும் வரையே அது ஆடல். விடை பிழையாகும் இடத்தில் வேகம் தன் பொருளை இழக்கிறது.