பழைய பூட்டைத் திறக்கப் பழகுவது குற்றமா, கலையா?

"உங்கள் மகன் சாவியில்லாமல் பூட்டுத் திறக்கப் பழகுகிறானாம்" என்று யாராவது வந்து சொன்னால் எந்தத் தாயும் ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் போவாள். இது திருடர்களின் வித்தையல்லவா? அயல்வீட்டார் என்ன நினைப்பார்கள்? பொலிஸ், வழக்கு என்று ஏதேனும் வந்துவிடுமோ? இப்படியெல்லாம் அவள் மனம் அலைபாய்வது இயல்பே.

ஆனால், இன்று பல நாடுகளில் ஆண்களும் பெண்களும் சதுரங்கம் ஆடுவதைப் போலவும் கைவேலை செய்வதைப் போலவும் இதனை ஒரு பொழுதுபோக்காகச் செய்து வருகிறார்கள். பழைய பூட்டுகளை விலை கொடுத்து வாங்கி, மேசை மீது வைத்து, வளைந்த கம்பிகளைக் கொண்டு மணிக்கணக்கில் பொறுமையுடன் முயல்கிறார்கள். ஜேர்மனியில் 1997ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய சங்கங்கள் இயங்குகின்றன, போட்டிகளும் நடைபெறுகின்றன.

அப்படியானால் இத்தகைய ஆர்வம் நம் பிள்ளையிடம் தோன்றினால் தடுப்பதா, நெறிப்படுத்துவதா? இதற்கு விடை காண்பதற்கு முன், ஒரு பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும், அது எவ்வாறு திறக்கப்படுகிறது என்பதையும் சற்று அறிந்துகொள்வது அவசியம். பழைய பூட்டுகளில் லீவர் பூட்டு என்று சொல்லப்படும் வகையையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

பூட்டின் உள்ளே

கதவு நிலைக்குள் நுழைந்து கதவைப் பிடித்துக்கொள்ளும் உலோகக் கட்டையைப் பூட்டின் நாக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த நாக்கின் மேல் சிறியதொரு முளை இருக்கும். அதையொட்டி மெல்லிய தகடுகள், பெரும்பாலும் பித்தளைத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவையே லீவர்கள் எனப்படுகின்றன. எல்லாத் தகடுகளும் ஒரு முனையில் ஒரே ஊசியில் கோர்க்கப்பட்டிருப்பதால் மறுமுனை மேலும் கீழும் அசையும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு தகட்டிலும் அந்த முளை நுழைந்து செல்லத்தக்க ஒரு வெட்டு உண்டு. எல்லா வெட்டுகளும் ஒரே நேரத்தில் முளைக்கு நேராக வந்தால்தான் முளை அவற்றுக்குள் நுழையும். நாக்கும் பின்னுக்கு நகரும். ஒரு தகடு மட்டும் ஒத்துழைக்க மறுத்தாலும் பூட்டுத் திறக்காது. சாவியின் பற்கள் ஏன் படிப்படியாக வெட்டப்பட்டுள்ளன என்பது இப்போது விளங்கும். ஒவ்வொரு படியும் தனக்குரிய தகட்டைத் தேவையான உயரத்துக்கு மட்டும் தூக்குகிறது.

இந்த அமைப்புக்கு 1778ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரொபர்ட் பெரன் என்பவர் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பும் தூக்கித் திறக்கும் பூட்டுகள் இருந்தன. ஆனால் அவற்றில் தகட்டைப் போதிய அளவு உயர்த்திவிட்டால் போதும். எவ்வளவு அதிகமாக உயர்த்தினாலும் திறந்துவிடும். பெரனின் பூட்டிலோ குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. சரியான அளவு ஒன்றே ஒன்றுதான். பூட்டுகளின் வரலாற்றில் இது ஒரு பெரும் திருப்பமாகும்.

விரல்களுக்குக் கிடைக்கும் செய்தி

இவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்ட பூட்டைச் சாவியில்லாமல் எப்படித் திறக்க முடிகிறது?

சாவித் துளைக்குள் இரண்டு கம்பிகள் செலுத்தப்படுகின்றன. ஒன்று, நாக்கைத் திறக்கும் திசையில் மெதுவாக அழுத்திக்கொண்டேயிருக்கும். மற்றையது தகடுகளை ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்க்கும். பூட்டு முற்றிலும் குறையின்றிச் செய்யப்பட்டிருந்தால் முளை எல்லாத் தகடுகளிலும் ஒரே அளவில்தான் முட்டும். ஆனால் மனிதன் செய்த எந்தப் பொருளிலும் மயிரிழையளவு வேறுபாடு இருக்கவே செய்யும். ஆகவே முதலில் ஒரு தகடு மட்டும் இறுக்கமாகப் பிடிபடும். ஏனையவை தளர்வாக ஆடும். இறுகிய தகட்டை மெல்ல உயர்த்திக்கொண்டு போனால், அதன் வெட்டு முளைக்கு நேரே வந்ததும் நாக்கு சற்றே அசையும். அப்போது அடுத்த தகடு இறுகும். இவ்வாறு ஒவ்வொன்றாகச் சென்று முடிவில் பூட்டுத் திறக்கிறது.

கண்ணுக்கு இங்கே வேலையில்லை. விரல் நுனியே பார்க்கிறது. விரல் நுனியே கேட்கிறது. நமது கிழக்கு மாகாணத்துப் பெண்கள் பன்பாய் இழைக்கும்போது கண் வேறெங்கோ இருக்க, விரல்கள் தாமாகவே பன்னைத் தெரிந்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பயிற்சிதான் இது. அழுத்தம் கூடிவிட்டால் எல்லாத் தகடுகளும் இறுகிவிடும். எது எதுவென்று தெரியாது. அழுத்தம் குறைந்துவிட்டால் உயர்த்திய தகடுகள் மீண்டும் விழுந்துவிடும். அவசரக்காரருக்கும் கோபக்காரருக்கும் இந்தப் பூட்டுப் பணிவதில்லை.

சில பூட்டுகளில் முளைக்கு அருகே பொய்வெட்டுகளும் செய்திருப்பார்கள். முளை அதிலே சிறிது நுழைந்ததும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பூட்டுத் திறக்காது. உண்மை எது, ஏமாற்று எது என்று விரல் பிரித்தறியப் பல மாதப் பயிற்சி தேவைப்படலாம்.

லண்டனில் நடந்த சோதனை

"இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தால் கள்வர்களுக்கு அல்லவா வசதியாகிவிடும்?" என்று சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதே கேள்வி 170 ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் பெரும் விவாதமாகவே எழுந்தது.

1817ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மவுத் கப்பற்தளத்தில் பொய்ச் சாவிகளைக் கொண்டு ஒரு திருட்டு நடந்தது. அதன் பின், தனக்குரிய சாவியன்றி வேறெதனாலும் திறக்க முடியாத பூட்டைச் செய்பவருக்கு அரசாங்கம் 100 பவுண் பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் அத்தகைய ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு புதுமை இருந்தது. யாராவது முயன்று ஒரு தகட்டை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும். பின்னர் வீட்டுக்காரர் தமது சாவியைப் போடும்போது பூட்டு உடனே திறக்காது. தமது பூட்டில் யாரோ கை வைத்திருக்கிறார் என்பதை அவர் அறிந்துகொள்வார்.

சிறைக் கப்பலில் இருந்த ஒரு கைதி பூட்டுத் தொழில் அறிந்தவர். இதனைத் திறந்தால் விடுதலையும் 100 பவுணும் தரப்படும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இரண்டு மூன்று மாதங்கள் முயன்றும் அவரால் முடியவில்லை. அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பூட்டைத் திறக்கவே முடியாது என்று மக்கள் நம்பி வந்தனர்.

1851இல் லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கு வந்திருந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் ஹொப்ஸ், ஜூலை மாதத்தில் சாட்சிகளின் முன்னிலையில் சப் பூட்டொன்றை சுமார் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். எந்தக் கருவி திருடனைக் காட்டிக்கொடுக்க வைக்கப்பட்டதோ, அதுவே அவருக்கு உதவியது என்பதுதான் வியப்பு. தகடு சிக்கிக்கொண்டதும், இது அளவு மீறிவிட்டது என்ற செய்தி அவருக்குக் கிடைத்துவிட்டது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஜோசப் பிராமா என்பவரின் கடைச் சாளரத்தில் 1790ஆம் ஆண்டு முதல் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அது லீவர் பூட்டு அல்ல, வேறு வகை. அதனையும் ஹொப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார், பரிசையும் பெற்றார்.

இங்கிலாந்து மக்கள் கலங்கிப் போனார்கள். இவற்றை வெளியிட்டிருக்கக் கூடாது என்று சிலர் கூறினர். ஆனால் 1853இல் வெளியான, பூட்டுகள் பற்றிய சார்ள்ஸ் டொம்லின்சனின் நூலில் இதற்குத் தெளிவான பதில் தரப்பட்டது. கள்வர்கள் தமது தொழிலை ஏற்கெனவே நன்கு அறிந்துதான் இருக்கிறார்கள்; அறியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பிப் பொருளை வைத்திருக்கும் நல்ல மனிதர்களே என்பதே அதன் கருத்து. குறை வெளிப்பட்டதனால் பூட்டுகள் திருந்தின. பொய்வெட்டுகளும், கம்பிக்கு இடம் கொடாதபடி சாவித் துளையை உள்ளிருந்து மறைக்கும் திரையும் பரவலாயின. இங்கிலாந்தில் 1963இல் வீட்டுக் கதவுப் பூட்டுகளுக்கான தர நியமமும் வந்தது. குறையை மூடி வைத்தவர்களால் அல்ல, அதனை எடுத்துக் காட்டியவர்களாலேயே வீடுகளுக்குப் பாதுகாப்புக் கூடியது என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டு நிபந்தனைகள்

எனினும் அறிவு எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும் அதற்கு ஒரு வேலி வேண்டும். இப்பொழுதுபோக்கில் ஈடுபடும் சங்கங்கள் இரண்டு நிபந்தனைகளை வற்புறுத்துகின்றன.

முதலாவது, பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். அல்லது உரியவரின் தெளிவான அனுமதி இருக்க வேண்டும். இரண்டாவது, பாவனையில் உள்ள பூட்டில், அது உங்கள் சொந்தப் பூட்டாக இருந்தாலும், பயிற்சி செய்யக் கூடாது. இரண்டாவது நிபந்தனைக்கு நல்ல காரணம் உண்டு. கம்பி பட்டு ஸ்பிரிங் உடைந்தால், அல்லது ஒரு தகடு சிக்கிக்கொண்டால், மக்ரிப் நேரத்தில் முழுக் குடும்பமும் வாசலில் நிற்க நேரிடும்.

சட்டமும் எண்ணத்தைக் கவனிக்கிறது. இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டின் களவுச் சட்டத்தின்படி, திருட்டுக்குப் பயன்படுத்தும் நோக்குடன் ஒரு கருவியைத் தன் இருப்பிடத்துக்கு வெளியே வைத்திருப்பதே குற்றமாகும். ஒரே கம்பிதான், நிய்யத் மாறும்போது அதன் பெயரும் மாறிவிடுகிறது. எனவே நம் பிள்ளைகளின் கருவிகள் வீட்டு மேசையை விட்டு வெளியே போகக் கூடாது. பாடசாலைப் பைக்குள் அவற்றுக்கு இடமில்லை.

இங்கே பிரான்ஸ் நாட்டு அரசர் பதினாறாம் லூயியின் வரலாறு நினைவுகூரத்தக்கது. பூட்டு வேலையே அவருடைய பொழுதுபோக்கு. வெர்சாய் அரண்மனையில் அதற்கெனப் பட்டறையே வைத்திருந்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் கமேன் என்ற பூட்டுத் தொழிலாளி. பிரெஞ்சுப் புரட்சியின்போது தமது இரகசியக் கடிதங்களை வைப்பதற்காக அரசர் பாரிஸ் அரண்மனைச் சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டகத்தை அமைத்தார். அதனை அமைத்துக் கொடுத்தவரும் கமேன்தான். 1792 நவம்பரில் அவரே அமைச்சரிடம் சென்று அந்த இடத்தைச் சொல்லிவிட்டார். அக்கடிதங்கள் அரசருக்கு எதிரான விசாரணையில் சான்றுகளாயின. 1793 ஜனவரி 21இல் அரசர் கொல்லப்பட்டார்.

அரசர் செய்தது சரியா, தவறா என்பது வேறு விடயம். அந்தப் பெட்டகத்தை யாரும் கம்பி போட்டுத் திறந்து இரகசியத்தை அறியவில்லை. கூட இருந்தவரின் வாயால்தான் அது வெளிப்பட்டது. பூட்டு எவ்வளவு உறுதியானாலும், அதன் சாவியையும் இடத்தையும் அறிந்தவர் அமானிதம் பேணாவிட்டால் அந்த உறுதியால் பயனில்லை.

வீட்டில் தொடங்குவதென்றால்

பழைய இரும்புக் கடைகளில், சாவியோடு கூடிய பழைய ஆமைப் பூட்டோ அலுமாரிப் பூட்டோ கிடைக்கும். இரண்டு அல்லது மூன்று லீவர் உள்ளதே ஆரம்பத்துக்குப் போதும். ரிவிட் அடித்தது வேண்டாம்; ஸ்குரூ ஆணியால் மூடப்பட்டதைத் தேடுங்கள். முதலில் கம்பியைத் தொட வேண்டாம். மூடியைக் கழற்றி, சாவியைத் திருப்பி, தகடுகள் எப்படி உயருகின்றன என்று பிள்ளை பார்க்கட்டும். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. தகடுகளின் வரிசை மாறினால் பிறகு சொந்தச் சாவியே திறக்காது. பழைய ஸ்பிரிங் துள்ளிக் கண்ணில் படலாம். சிறு பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள். பெண் பிள்ளைகள் ஆர்வம் காட்டினால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிதானமான கை அவர்களிடமும் உண்டு.

இதில் வீட்டுக்கும் பயன் உண்டு. நகை வைத்திருக்கும் அலுமாரிச் சாவியை எடுத்து அதன் பல்லைப் பாருங்கள். நுனியில் வெவ்வேறு ஆழத்தில் பல படிகள் வெட்டப்பட்டுள்ளனவா? அல்லது படிகளே இல்லாமல் நேராக இருக்கிறதா? நேராக இருந்தால் அந்தப் பூட்டு பெரும்பாலும் பிள்ளைகளின் கைகளைத் தடுக்குமே தவிரக் கள்வனைத் தடுக்காது. பெரியம்மாவின் காலத்துப் பெட்டகம் சாவி தொலைந்து மூலையில் கிடந்தால், பூட்டை உடைத்துப் பலகையைச் சிதைப்பதற்கு முன், பழகிய கை ஒன்று அதனைக் காப்பாற்றித் தரவும் கூடும்.

ஆகவே, தாய்மார்களே, ஒரு பிள்ளை பூட்டின் முன் அமர்ந்து அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் அவனைக் கள்வன் என்று பெயர் சூட்டி விரட்டிவிடாதீர்கள். மறைவாகக் கற்கும் பிள்ளையைவிட, உங்கள் கண்முன்னே கற்கும் பிள்ளையிடம் நல்லது கெட்டதைச் சொல்லி வைப்பது எளிது. பழைய பூட்டொன்றை வாங்கிக் கொடுங்கள். அதனைக் கையில் கொடுக்கும்போதே அந்த இரண்டு நிபந்தனைகளையும் அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவற்றை அவன் பேணி நடக்கிறானா என்று தொடர்ந்து கவனித்து வருவது உங்கள் பொறுப்பு.