டோர்ட்மண்ட் வானில் அருந்ததி

வைகாசி நடுப்பகுதியில் டோர்ட்மண்டில் கதிரவன் மறைய இரவு ஒன்பதரை மணியாகின்றது. நன்கு இருள்வதற்குப் பதினொன்றும் கடந்துவிடும். அவ்வேளை, நகரின் தெற்கேயுள்ள சீபூர்க் குன்றில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

ஏறத்தாழ உச்சியில் சப்தரிஷி மண்டலம். அதன் வாலின் நடு விண்மீன் வசிட்டர். அருகே மங்கலாய் நிற்பவள் அருந்ததி. வாலின் வளைவைத் தொடர்ந்தால் செம்மஞ்சள் நிறச் சுவாதி. மேலும் தொடர்ந்தால், தெற்கே தாழ்வாய் வெண்ணீலச் சித்திரை.

துருவ விண்மீனின் உயரம் நாம் நிற்கும் அகலக்கோட்டைக் காட்டும். யாழ்ப்பாணத்தில் அது பனைகளிடையே 10 பாகை அளவில் தாழ்ந்திருக்கும். இங்கோ 51 பாகைக்கு மேல். ஆதலால், அங்கு இம்மாதத்தில் தெற்கே கண்ட தென்சிலுவை இங்கு அடிவானுக்கு மேல் எழுவதேயில்லை. நிலத்தோடு வானத்திலும் ஒரு பகுதியை விட்டுவந்தோம்.

சுவாதியின் ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 37 ஆண்டுகள் செல்லும். இன்றிரவு காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்ட காலத்திலேதான் எம்மிற் பலரும் ஊரைவிட்டுப் புறப்பட்டோம்.

திருமணங்களில் பட்டப்பகலில் அருந்ததி காட்டிச் சடங்கை நிறைவு செய்கின்றோம். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது வெறுஞ் சொல். முகிலற்ற ஓர் இரவில் அவர்களை உறங்கவிடாது அழைத்துச் சென்று, மெய்யாகவே காட்டிவிடுங்கள்.