தைலம் தரும் சூடு

மார்கழி, தை மாதங்களில் ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் பையில் தேயிலைப் பொட்டலத்தோடு ஒரு தைலக் குப்பியும் இருக்கும். நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தேய்த்துக்கொண்டு படுத்தால் உடம்பு சூடேறிவிடும் என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்து நம்பிக்கை. தேய்த்ததும் கதகதப்பாக இருப்பது உண்மைதான். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

தோலின் நரம்பு நுனிகளில் வெப்பத்தை உணரும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் டிஆர்பிவி1 என்பது சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குத் தகவல் அனுப்பும். மிளகாயின் காரம் பட்டாலும் அதே தகவலைத்தான் அனுப்பும். மிளகாய் அரைத்த கை எரிவது அதனால்தான். 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் ஆர்டெம் படபூட்டியானோடு சேர்த்து மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கற்பூரமும், கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலும் இந்த வகைப் புரதங்களைத் தூண்டுபவை. மூளை சூடு என்று உணர்கிறது. தெர்மாமீட்டரோ உடம்பின் உள்வெப்பம் ஏறவில்லை என்றுதான் காட்டும்.

நீலகிரித் தைலத்தின் கதை இன்னும் விசித்திரம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸின் இலையில் இருந்து வடிக்கும் எண்ணெய் அது. அதிலுள்ள சினியோல், குளிரை உணரும் புரதத்தைத்தான் தூண்டுகிறது. மூக்கில் ஜில்லென்று ஏறுவது அதன் வேலை. நாம் உணரும் கதகதப்பில் பெரும்பங்கு, அழுத்தித் தேய்க்கும் கையினுடையது.

இஞ்சி எண்ணெயிலும் ஏமாற்றம் உண்டு. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் எளிதில் ஆவியாகாது. அதனால் நீராவியில் வடித்த எண்ணெயில் மணம் வருகிறது, காரம் வருவதில்லை. இஞ்சியின் காரம் வேண்டுமானால் இஞ்சி தட்டிப்போட்ட டீயே மேல்.

குளிரில் உடம்பு தன் சூட்டைக் காக்கத் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். காரமான எண்ணெயைத் தேய்த்தால் அவை விரிந்து தோல் சிவக்கும். உள்ளே இருக்கும் சூடு வெளியே கசியும். வீட்டில் கம்பளிக்குள் இருப்பவருக்கு இதனால் கெடுதல் இல்லை. பனியில் நனைந்து நடுங்குகிறவருக்குத் தைலம் தேய்ப்பது தவறு. ஈரத்துணியைக் கழற்றி, கம்பளி சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஆசைக்குத் தேய்த்துக்கொள்ளலாம், நானும் தேய்ப்பவன்தான். ஆனால் கிராம்பு எண்ணெயை அப்படியே தோலில் விடாதீர்கள், புண்ணாகிவிடும். 100 மில்லி நல்லெண்ணெய்க்கு 1 மில்லி போதும். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது.

எனக்கு உண்மையான கவலை விண்டர்கிரீன் எண்ணெயைப் பற்றித்தான். மூட்டுவலிக்கு வாங்கி வைக்கும் அதில் ஏறக்குறைய முழுவதும் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். கற்பூரமும் நீலகிரித் தைலமும் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ இவற்றைத் தடவவே வேண்டாம். அதற்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போடுங்கள். குப்பிகளை இன்றைக்கே எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.