ஜெனரேற்றர் பூட்டுமுன் ஒரு நிமிடம்



குளிர்காலம் நெருங்கும்போது எம்மவர் கூடும் இடங்களில் ஒரு பேச்சு எழும். "வீடு முழுவதற்கும் ஒரு ஜெனரேற்றர் பூட்டினால் என்ன? இலெக்ரீசியனுக்கு ஏன் ஆயிரக்கணக்கில் கொடுக்கவேண்டும்? நாங்களே பூட்டிவிடலாமே!" என்பதே அது. இது மின்சாரம் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும், சுகாதாரப் பக்கத்தில் பேசவேண்டிய விடயமே. நீண்ட மின்தடைகளின்போது வைத்தியசாலைக்கு வருபவர்களில் சிலர் குளிரினால் வருவதில்லை. குளிரிலிருந்து தப்புவதற்குச் செய்த ஏற்பாட்டினால் வருகிறார்கள்.

ஜெனரேற்றர் வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. 1998 ஜனவரி 5 முதல் 10 வரை பெய்த உறைமழையில் மின்கம்பங்களும் கோபுரங்களும் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் சரிந்தன. கியூபெக்கில் ஏறத்தாழ 14 இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. மொன்றியலின் தென்கரைக்கு அப்பால் சில ஊர்கள் ஒரு மாதத்துக்கு மேல் இருளில் கிடந்தன. 2023 ஏப்ரல் 5 அன்று வந்த உறைமழையிலும் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அறுந்தன. எமது வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தாலேயே சூடாக்கப்படுகின்றன. ஆகவே மின்சாரம் நின்றால் வெளிச்சத்தோடு வெப்பமும் போய்விடும்.

2023 இல் நடந்த இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. மொன்றியலுக்கு மேற்கேயுள்ள ஓர் ஊரில், கராஜுக்குள் ஜெனரேற்றரை ஓடவிட்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். கரி பார்பெக்யூவை வீட்டுக்குள் மூட்டிய குடும்பங்கள் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

யாழ்ப்பாணத்து வீடும் மொன்றியல் வீடும்

இயந்திரங்களைக் கண்டு எம்மவர் பயப்படுவதில்லை. 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்தோம். நீரிறைக்கும் மெசினைச் சொட்டுப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்தக் கைப்பழக்கமே "நாங்களே செய்யலாம்" என்ற துணிவைத் தருகிறது.

ஆனால் அங்கே மெசின் கிணற்றடியில் நின்றது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே காற்றுத் தாராளமாகப் போய்வந்தது. இங்கே கதவு, யன்னல், சுவர் எல்லாம் குளிர் புகாதபடி இறுக்கி அடைக்கப்பட்டவை. குளிரை உள்ளே விடாத வீடு நஞ்சையும் வெளியே விடாது.

அந்த நஞ்சின் பெயர் காபனோரொட்சைட்டு. நாம் மூச்சில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு அல்ல இது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மூச்சு வழமைபோல் நடக்க, மூளையும் இதயமும் ஒட்சிசனுக்குத் தவிக்கும்.

தொடக்கத்தில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், களைப்பு ஏற்படும். "தடிமன் காய்ச்சலாக்கும்" என்று படுத்துவிடுவோம். ஆனால் காய்ச்சல் இராது. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால், வெளியே போனதும் அது குறைந்தால், இந்த நஞ்சைச் சந்தேகியுங்கள். நித்திரையிலிருப்பவர் எழும்பாமலே போய்விடலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளர் விரைவில் பாதிக்கப்படுவர்.

கோவிட் காலத்தில் பலர் வாங்கிய, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியை இதற்கு நம்பவேண்டாம். காபனோரொட்சைட்டு ஒட்டிய ஈமோகுளோபினையும் அது ஒட்சிசன் என்றே எண்ணி, 98 என்று காட்டக்கூடும்.

வயரில் உள்ள ஆபத்து

உடுப்பு உலர்த்தும் மெசினின் பிளக்கில் ஜெனரேற்றரைச் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் "சுலப வழி" ஒன்றைச் சிலர் சொல்லித் தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. தெருக் கம்பிக்கும் ஏறும். கம்பத்திலுள்ள மின்மாற்றி, எமது 240 வோல்ற்றை 14,000 வோல்ற்றுக்கு மேல் உயர்த்தி அனுப்பும். அறுந்த கம்பியைத் திருத்த வந்த தொழிலாளி, அதில் மின்சாரம் இல்லையென நம்பித் தொடுவார். தெரு மின்சாரம் திரும்பி வரும்போது எமது வீட்டிலேயே தீப்பற்றவும் கூடும்.

இதைத் தடுப்பது மாற்றுச் சுவிச். வீடு ஒரே நேரத்தில் தெரு மின்சாரத்தோடும் ஜெனரேற்றரோடும் தொடுபடாமல் அது பார்த்துக்கொள்ளும். ரொறன்ரோவிலுள்ள மைத்துனர் தன் வீட்டு வயர் வேலையைத் தானே செய்ததாகச் சொல்லலாம். ஒன்ராறியோவில் அறிவித்தல் கொடுத்து, பரிசோதனைக்கு உட்பட்டு வீட்டுக்காரர் செய்ய இடமுண்டு. கியூபெக்கில் அப்படியல்ல. கட்டட ஆணையமான ஆர்.பி.கியூ. வின் அனுமதிப்பத்திரம் பெற்ற மின் ஒப்பந்தகாரரே செய்யவேண்டும். எரிவாயுக் குழாய் வேலைக்கும் அதற்குரிய அனுமதி பெற்றவர் வேண்டும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. வீடு முழுவதையும் இயக்கவேண்டும் என்ற எண்ணத்தைக் குறைத்தாலே பெரும் செலவு குறையும். சுவரோரச் சூடாக்கி ஒன்றே 1,500 வாற்ஸ் வரை இழுக்கும். குளிர்சாதனப்பெட்டிக்கும் சில மின்குமிழ்களுக்கும் 2,000 வாற்ஸ் சிறு ஜெனரேற்றரே போதும். அதைப் பனலோடு தொடுக்கத் தேவையில்லை. வெளியில் பாவிக்கத்தக்க தடித்த நீட்டு வயரை ஜெனரேற்றரிலிருந்து நேரே பொருளுக்குக் கொடுக்கலாம்.

ஜெனரேற்றர் கதவு, யன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வெளியில் நிற்கட்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் கராஜுக்குள் ஓட்டக்கூடாது. மாடியின் பல்கனியும் ஆகாது. எரிபொருள் நிரப்புமுன் நிறுத்தி ஆறவிடுங்கள். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைகளுக்கு அருகில் மாட்டுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி இதற்கு ஈடாகாது. மின்தடையிலும் வேலைசெய்ய, பற்றரியுள்ளதாக வாங்குங்கள்.

நோயாளர் உள்ள வீடுகளுக்கு

நித்திரையில் மூச்சுக்கு மெசின் பாவிப்பவர்கள் பற்றரி ஒன்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம். பற்றரி புகை விடாது, வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். ஒட்சிசன் மெசினில் இருப்பவர்கள், மின்தடைக்கென மேலதிக சிலிண்டர் உண்டா என்று அதனை வழங்கும் நிலையத்திடம் இன்றே கேளுங்கள். இன்சுலினைப் பழுதாகிவிடும் என்று பனியில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பாவனைக்கு உதவாது. பாவித்துக்கொண்டிருக்கும் பேனையைப் பெரும்பாலும் அறை வெப்பநிலையில் 4 வாரம் வைத்திருக்கலாம். உங்கள் மருந்தின் காலத்தை மருந்தாளரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வீடு தாங்கமுடியாமல் குளிர்ந்தால் முதியவர்களை மின்சாரமுள்ள உறவினர் வீட்டுக்கோ, நகரசபை திறக்கும் வெப்ப நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். "பிறத்தியாருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது" என்று அம்மா அப்பா மறுப்பார்கள். கேட்கவேண்டாம்.

எச்சரிக்கைக் கருவி ஒலித்தால், அல்லது வீட்டில் பலருக்குத் தலையிடித்தால், காரணம் தேடி நிற்காமல் எல்லோரும் உடனே வெளியேறுங்கள். வெளியில் நின்று 911 ஐ அழையுங்கள். தீயணைப்புப் படை சொல்லும்வரை உள்ளே போகவேண்டாம். ஆலோசனைக்கு கியூபெக் நச்சுத் தடுப்பு நிலையம்: 1 800 463-5060. சிகிச்சை ஒட்சிசனே. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு உயர் அழுத்த ஒட்சிசன் அறை மொன்றியலின் சக்ரே-கேர் வைத்தியசாலையில் உண்டு. நேரத்தோடு வந்தவர்களை இன்று பெரும்பாலும் காப்பாற்ற முடிகிறது.

இந்த வார இறுதியில் இரண்டு வேலை செய்யுங்கள். எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைப் பாருங்கள். "ஜெனரேற்றரை எங்கே வைப்போம்?" என்று வீட்டிலுள்ள எல்லோரும் கூடி முடிவெடுங்கள். இருட்டில், குளிரில், அவசரத்தில் எடுக்கும் முடிவு அநேகமாகக் கராஜுக்குள்தான் கொண்டுபோய் விடும்.