முதுகுக்கு வரும் செய்தி

வால்ட்ஸ் நடனத்தின் அடிப்படைக் காலடியைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் யூடியூபில் ஏராளம். இடக்கால் முன்னே, வலக்கால் பக்கவாட்டில், இடக்கால் வந்து வலக்காலோடு சேர வேண்டும். அடுத்த மூன்று எண்ணிக்கையில் வலக்கால் பின்னே, இடக்கால் பக்கவாட்டில், வலக்கால் வந்து சேர வேண்டும். தரையில் ஒரு சதுரம் போட்டாயிற்று. கூடத்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பழகினால் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும். மறுநாள் ஒரு துணையோடு சேர்ந்து அதே சதுரத்தைப் போட்டுப் பாருங்கள். முட்டியோடு முட்டி இடிக்கும், காலைக் கால் மிதிக்கும். தனித்தனியே பிழையில்லாமல் ஆடிய இருவர் சேர்ந்ததும் ஏன் இப்படித் தடுமாறுகிறார்கள்?

வால்ட்ஸ் போன்ற பால்ரூம் நடனத்தில் ஒருவர் நடத்துகிறார், மற்றவர் தொடர்கிறார். மரபுப்படி ஆண் நடத்துவார், பெண் தொடர்வார். இரண்டையும் கற்றுக்கொள்பவர்களும் உண்டு. மனம்போல ஆடும் நடனத்தில் அடுத்த அடி நேராகவா, திருப்பமா என்பது பேசிவைத்த விஷயம் அல்ல. தொடர்பவர் அதை அந்தந்தக் கணத்தில் தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? போட்டிகளில் வால்ட்ஸ் இசைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளச் சுற்றுகள், ஒரு சுற்றுக்கு மூன்று தட்டு. ஒரு தட்டுக்குச் சுமார் 0.7 விநாடி. வியன்னா வால்ட்ஸோ இதைப்போல் இரு மடங்கு வேகம். ஒரு தட்டு விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். கண் ஒன்றைப் பார்த்து, அதற்கேற்ப உடல் அசையத் தொடங்கவே ஏறக்குறைய கால் விநாடி போய்விடும். அதுவும் பார்க்க முடிந்தால். நெருங்கிப் பிடித்து ஆடும்போது இருவர் தலையும் அவரவர் இடப்பக்கம் திரும்பியிருக்கும். எதிரே இருப்பவரின் கால் கண்ணில் படாது. தொடர்பவர் பெரும்பாலும் பின்னோக்கி நடக்கிறார் வேறு.

அப்படியானால் செய்தி வருவது உடல் வழியாகத்தான். நடத்துபவரின் வலது உள்ளங்கை, தொடர்பவரின் இடது தோள்பட்டை எலும்பின்மேல் படிந்திருக்கும். அவருடைய இடக்கை இவருடைய வலக்கையைப் பற்றியிருக்கும். இந்தக் கைகள் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. கால் தரையைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, ஊன்றி நிற்கும் காலின் முட்டியை நடத்துபவர் சற்றே இளக்கி, உடலின் பாரத்தை முன்னே நகரவிடுகிறார். அந்த நகர்வு மார்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கைக்கும், கையிலிருந்து துணையின் முதுகுக்கும் போய்ச் சேர்கிறது. கைகளும் தோளும் சேர்ந்து காக்கும் அந்த வடிவத்தை ஃப்ரேம் என்பார்கள். கை துவண்டால் செய்தி முழங்கையிலேயே அமுங்கிவிடும். விறைத்தாலோ ஒவ்வொரு அசைவும் முரட்டுத் தள்ளாகப் போய் விழும். மாடிப்படியில் இருவர் பீரோ இறக்குவதை எண்ணிப் பாருங்கள். கீழே பின்னோக்கி இறங்குபவருக்கு மேலே இருப்பவரின் முகமே தெரியாது. அவர் ஒரு படி வைத்துவிட்டார் என்பதைப் பீரோவே இவர் கைக்குச் சொல்லிவிடும்.

இப்படிச் சொல்ல எவ்வளவு விசை தேவை? நடனத்தில் தேர்ந்தவர்களையும் தெரியாதவர்களையும் ஜோடி சேர்த்து, முன்னும் பின்னுமாக அடிவைக்கச் செய்து, கைகளுக்கு இடையே ஏற்படும் விசையை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி அது சுமார் 10 முதல் 30 நியூட்டன், அதாவது ஒன்றிலிருந்து மூன்று கிலோவைத் தாங்கும் அளவு. ஓர் ஆளை நகர்த்த இது போதாது. எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்ல இது தாராளம். இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. ஒரு காலுக்கு நேர் முன்னே மறு காலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், உடல் ஆடும். விரல் நுனியால் பக்கத்தில் உள்ள மேசையை லேசாகத் தொடுங்கள், அழுத்த வேண்டாம். ஆட்டம் பெருமளவு அடங்கிவிடும். 1990-களில் ஜெக்கா, லாக்னர் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். ஒரு நியூட்டனுக்கும் குறைந்த அந்தத் தொடுதல் உடலைத் தாங்கவில்லை. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற தகவலை மட்டும் விரல் வழியாக மூளைக்குக் கொடுத்தது. மீதியைக் கால் தசைகள் பார்த்துக்கொண்டன. தசைக்குள் நீட்சியை அளக்கும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன, தோலுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. தசை திடீரென இழுபட்டால், விநாடியில் பத்தில் ஒரு பங்கு முடிவதற்குள் உடல் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது. மனிதத் தோலையும் தசையையும் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட அழகானது எதுவும் இல்லை.

ஜப்பானில் செண்டாய் நகரின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் கசுஹிரோ கொசுகே குழுவினர், தொடுதலின் விசையே செய்தி சொல்லும் என்ற உண்மையை வைத்தே ஓர் இயந்திரத்தைச் செய்தார்கள். 2005-இல் ஐச்சி உலகக் கண்காட்சியில் அவர்களுடைய நடன ரோபோ மனிதரோடு வால்ட்ஸ் ஆடியது. அதற்குக் கால் கிடையாது, எந்தத் திசையிலும் உருளும் சக்கரங்கள்தான். நடத்துபவரின் கைபட்டு மேலுடலில் விழும் விசையை உள்ளே இருக்கும் உணர்கருவி அளக்கும். அதிலிருந்து, வரக்கூடிய அடிகளில் எது அடுத்தது என்று ரோபோ ஊகித்துக்கொள்ளும். ஜோடி நடனத்தின் சாரம் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பொறியாளர்கள் சரியாகக் கண்டுகொண்டிருந்தார்கள்.

வீடியோவில் வராமல் போவது அந்த விசைதான். இந்தக் குறை புதிதல்ல. 1700-இல் பாரிசில் ரவுல்-ஓஜே ஃபோயே, காலடிகள் போகும் பாதையைக் கோடும் குறியுமாகக் காகிதத்தில் எழுதும் முறையை நூலாக வெளியிட்டார். 1920-களில் அமெரிக்காவில் ஆர்தர் மர்ரே, காலடித் தடங்கள் அச்சிட்ட பாடங்களைத் தபாலில் விற்றார், அமோகமாக விற்றது. பின்னாளில் அதே மர்ரே, ஆசிரியர் நேரில் சொல்லித்தரும் நடனக்கூடங்களை ஊர் ஊராகப் பெருக்கினார்.

காகிதத்தில் இல்லாத ஓர் ஆபத்தும் வீடியோவில் இருக்கிறது. கார்டாஸ், ஓ'பிரையன் என்ற உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் போன்ற வித்தைகளின் வீடியோக்களைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். பலமுறை பார்த்தவர்களுக்கு ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை ஏறியது. செய்யச் சொன்னபோது அவர்கள் கூடுதலாக ஒன்றும் சாதிக்கவில்லை. இன்னொரு சோதனையில் பந்துவித்தைக்காரர்கள் வீசிப்பிடிக்கும் கட்டைகளைச் சிலர் கையில் கொடுத்தார்கள். எறியக்கூட இல்லை, பிடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கட்டையின் கனம் தெரிந்ததுமே மிகை நம்பிக்கை இறங்கியது.

அதற்காக வீடியோவை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். லண்டனில் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோவும் சகாக்களும் பாலே நடனக்காரர்களை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து நடனக் காட்சிகளைக் காட்டினார்கள். பாலேயில் ஆண்கள் மட்டும் ஆடும் அசைவுகள் உண்டு, பெண்கள் மட்டும் ஆடுபவையும் உண்டு. சேர்ந்தே பயிற்சி செய்வதால் இரண்டையும் எல்லோரும் தினமும் பார்க்கிறவர்கள். ஆனாலும் தன் உடலால் ஆடிப் பழகிய அசைவைப் பார்க்கும்போதுதான், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் சில கூடுதலாக விழித்தன. கண்ணுக்கு எவ்வளவு பழக்கமானாலும், ஆடி அறிந்த உடல் பார்க்கும் விதமே வேறு. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வீடியோ வரவேண்டிய வரிசையைப் பற்றியது. முதலில் ஒரு மனிதரின் கையும் முதுகும். வீடியோ அதற்குப் பிறகு. வகுப்பில் ஒருமுறை உணர்ந்த திருப்பத்தை இரவில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பவருக்கு, திரையில் தெரியாத முட்டி இளக்கமும் பாரம் நகர்வதும் உடலில் தட்டுப்படும். அதையே முதன்முதலாகப் பார்ப்பவருக்குக் காலடிகள் மட்டும்தான் தெரியும்.

நேரில் கற்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேர்ந்த ஆசிரியர் மாணவரின் பிடியில் தொடர்பவராக ஆடும்போது, அரைகுறையாக வரும் செய்தியையும் முழுதாகப் படித்துவிடுவார். தாமதமான அடியைத் தன் உடலால் சரிக்கட்டிவிடுவார். மாணவருக்கோ நடனம் கைவந்துவிட்டது போலத் தோன்றும். ஒவ்வொரு முயற்சியிலும் திருத்தம் கிடைத்துக்கொண்டே இருந்தால், அது நின்றதும் ஆட்டமும் சரிகிறது என்று 1984-லேயே சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். குழுவாகச் சொல்லித்தரும் வகுப்புகள் பலவற்றில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுவார்கள். நெட்டையானவர், குட்டையானவர், முந்திக்கொள்பவர், தயங்குபவர் என்று துணைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரே திருப்பம் ஒருவரிடம் இதமாகப் போய் முடியும், அடுத்தவரிடம் பாதியிலேயே நின்றுவிடும். எல்லோரிடமும் அது அதே இடத்தில் நின்றால், குறை தன் முட்டியிலா முழங்கையிலா என்று மாணவர் தேடத் தொடங்கலாம்.