உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குள் இருந்து பார்ப்பவன்

இலங்கையின் கிழக்கே, கல்முனையில் பஸ் ஏறித் தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு தாண்டினால் காரைதீவு. 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். சிறுவயதில் அவர் படித்தது கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையில். அவருடைய ‘ஈசன் உவக்கும் மலர்’ பாட்டில் இறைவனுக்கு உகந்த பூ எது என்று ஒரு கேள்வி. மல்லிகை இல்லை, வேறெந்தப் பூவும் இல்லை. உள்ளம்தான் தாமரை, கூப்பிய கைதான் காந்தள், விழிதான் நெய்தல். புலன்களை அடக்கு, ஒடுக்கு என்றே கேட்டுப் பழகிய நமக்கு, கண்ணையே பூவாக்கித் தந்தவர் அவர். எனக்கு இதைவிடப் பெரிய உபதேசம் தெரியாது.

அந்தக் கண்ணைப் பற்றிப் பழைய கேள்வி ஒன்று உண்டு. உபநிடதம் ஒன்றுக்கு அந்தக் கேள்விச்சொல்லே பெயர். ‘கேன’ என்றால் ‘எவனால்’. கண் எவனால் பார்க்கிறது, காது எவனால் கேட்கிறது? காதுக்கும் காதாய், கண்ணுக்கும் கண்ணாய் இருப்பவனால் என்கிறது கேனோபநிடதம்.

இன்னோர் உபநிடதத்தில், உத்தாலகர் என்ற முனிவர் கேட்க, யாக்ஞவல்கிய முனிவர் அவனுக்குச் சொன்ன பெயர் அந்தர்யாமி, உள்ளிருந்து இயக்குபவன். கண்ணுக்குள்ளேயே இருக்கிறான்; கண்ணுக்கு அவனைத் தெரியாது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 12 சூத்திரங்கள்தான், மொத்தம் 40 அடிகள். 11ஆம் சூத்திரம் இந்த விஷயத்தைத்தான் பேசுகிறது. சிந்தனை எங்கோ போயிருந்தால், திறந்த கண்ணுக்கு எதிரே வந்து நிற்பவரும் தெரிவதில்லை அல்லவா? உயிர் கூட நின்று காட்டினால்தான் கண் காணும். உயிருக்கும் அதே நிலைதான்: இறைவன் கூட நின்று காட்ட வேண்டும், தானும் உடன் காண வேண்டும். சைவ சித்தாந்தத்தில் உயிர் வேறு, இறைவன் வேறு. ஆனால் பிரிந்திருந்த பொழுது கிடையாது.

எந்தப் பார்வையும் அவனை எட்டாது, அவனோ எல்லாப் பார்வைகளையும் சூழ்ந்தறிகிறான் என்பது திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம், 103ஆம் வசனத்தின் பொருள். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஓதப்படும் வசனம். சைவம் சொல்வதும் இந்த வசனம் சொல்வதும் ஒன்றே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. இஸ்லாத்தில் படைத்தவன் படைப்புக்குள் குடியிருப்பவன் அல்லன். ஆனாலும் தன்னைப் பார்ப்பவனைக் கண் பார்க்க முடியாது என்பதில், காரைதீவுக் கோயிலடியில் நிற்பவருக்கும் பள்ளிவாசலில் தொழுபவருக்கும் பேச நிறைய இருக்கிறது.

1947 ஜூலை 19இல் விபுலாநந்தர் மறைந்தார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில் அவர் சமாதி. அதில் பொறித்திருப்பதும் அந்தப் பூப் பாட்டைத்தான்.